திண்டுக்கல் சமவெளியும் கௌபாய் திரைக்கதையும்: ஆகோள் மரபு நோக்கிய ஓர் ஒப்பாய்வு

ஒரு நாட்டில் தோன்றிய கதைவடிவம் பிறிதொரு நாட்டைச் சென்றடையுங்கால், அதனை வரவேற்கும் மக்கள் அதனுள் எதனைக் கண்டு மகிழ்கின்றனர் என்னும் வினா இலக்கிய வரலாற்றாசிரியர்க்கு உரிய வினாவாகும். அமெரிக்க நாட்டின் மேற்கு நிலப்பகுதியைக் களனாகக் கொண்டு ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட திரைப்படங்களை ஆங்கிலேயர் ‘வெஸ்டர்ன்’ என்பர். தமிழ் மக்கள் அவற்றைக் ‘கௌபாய் படம்’ என்றே வழங்கி வந்துள்ளனர். அகன்ற தொப்பியும் இடைக்கச்சையில் துப்பாக்கியும் குதிரையும் புழுதியும் பாறையும் இப்படங்களின் புற அடையாளங்கள். இவற்றைத் தமிழர் ஏன் விரும்பினர், இவற்றைப் பின்பற்றி ஏன் தாமும் படம் எடுத்தனர் என்பன பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன.

இது வெறும் போலிமை. வேற்று நாட்டு உடையைத் தமிழ் நடிகர்க்கு அணிவித்த வணிக முயற்சியே என்பர் ஒரு சாரார். கௌபாய் கதையில் வரும் நிரை கவர்தலும் நிரை மீட்டலும் தமிழர் வெட்சியிலும் கரந்தையிலும் பாடியனவே. ஆதலின் நமக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஆராயாது கூறப்படுவன என்பது எம் கருத்து. அதனைத் திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். நிரை கவர்தல் பற்றிய மிகப் பழைய கல்வெட்டுச் சான்று இந்நிலத்தை அடுத்தே கிடைத்துள்ளது. நிரை கவர்தல் காரணமாக எழுந்த பிற்காலப் பெருங்கிளர்ச்சி ஒன்றும் இந்நிலத்திலேயே தோன்றியது. ஆதலின் இவ்வாய்வுக்கு இதனினும் ஏற்ற இடம் தமிழகத்தில் அரிது.

1. வடிவத்தின் பிறப்பும் இயல்பும்

கௌபாய் கதைக்கு அடிப்படையான வரலாற்றுக்காலம் மிகக் குறுகியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின், டெக்சாஸ் மாநிலத்தில் பெருகிக் கிடந்த மாடுகளை வடக்கேயுள்ள இருப்புப்பாதை நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் வழக்கம் வளர்ந்தது. 1867 முதல் கான்சாஸ் மாநிலத்து அபிலீன் நகர் அத்தகைய நிலையமாக விளங்கியது. கூலிக்கு மாடோட்டிய இளைஞரே கௌபாய் எனப்பட்டோர். அவர்தம் தொழில்முறையும் கருவிகளும் சொற்களும் பெரும்பாலும் மெக்சிக்க நாட்டு ஸ்பானிய மாடோட்டிகளிடமிருந்து பெறப்பட்டவை. அவருள் கறுப்பின மக்களும் மெக்சிக்கரும் பலர் இருந்தனர் என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர் நிறுவியுள்ளனர். பழைய ஹாலிவுட் படங்களிலோ அவர்களைக் காண்டல் அரிது.

1874-இல் முள்கம்பிக்கு உரிமம் பெறப்பட்டது. திறந்த மேய்ச்சல் நிலம் வேலியிடப்பட்டது. 1886-87 குளிர்காலத்தில் மாடுகள் பெருந்தொகையாக மடிந்தன. இருப்புப்பாதை எங்கும் பரவியது. இருபதாண்டு அளவிலேயே நெடுவழி மாடோட்டம் முடிவுற்றது. 1890-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு, இனி எல்லைநிலம் என ஒன்றில்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வூண்டட் நீ என்னுமிடத்தில் லக்கோட்டா பழங்குடியினர் படையினரால் கொல்லப்பட்டனர். 1893-இல் டர்னர் என்னும் வரலாற்றறிஞர், அமெரிக்கரின் இயல்பை உருவாக்கியது எல்லைநிலமே என்னும் கொள்கையை வெளியிட்டார். நிலம் முடிந்தபின் அதன் கதை தொடங்கியது எனலாம்.

1903-இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ என்னும் குறும்படம் இவ்வகையின் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது. அது மேற்கு நிலத்தில் எடுக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் கிழக்கிலுள்ள நியூ ஜெர்சியில் எடுக்கப்பட்டது. அறுபது ஆண்டு கழித்து இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோன் தம் புகழ்பெற்ற கௌபாய் படங்களின் புறக்காட்சிகளை ஸ்பெயின் நாட்டு அல்மேரியாப் பாலைப்பகுதியில் எடுத்தார். எனவே, இக்கதைவடிவம் தொடக்கம் முதற்கொண்டே தன் சொந்த நிலத்தைவிட்டு இடம்பெயரும் இயல்பினது. தமிழர் எடுத்த கௌபாய் படம் போலி என்பார், இத்தாலியர் எடுத்ததனை யாதென்பர் என்பதையும் கூற வேண்டும்.

2. நடிகர் மூவரும் நாயகர் மூவகையும்

கௌபாய் பட ரசிகர் இருவர் கூடின், ஜான் வேய்ன் சிறந்தவரா, காரி கூப்பர் சிறந்தவரா, கிளின்ட் ஈஸ்ட்வுட் சிறந்தவரா என்னும் வாதம் எழுதல் இயல்பு. இதனை வெறும் பொழுதுபோக்கு வாதமென்று ஒதுக்குதல் பொருந்தாது. நாயகன் எத்தகையனாதல் வேண்டும் என்னும் வினாவே அவ்வாதத்தில் மறைந்து நிற்கின்றது.

ஜான் வேய்ன் 1939-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’ படத்தால் புகழெய்தினார். 1956-இல் அதே இயக்குநரின் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தில், கோமாஞ்சிப் பழங்குடியினர் கவர்ந்து சென்ற தன் உடன்பிறந்தான் மகளைப் பல்லாண்டு தேடியலையும் ஒருவனாக நடித்தார். மீட்கும் நாயகனே வெறுப்பின் வடிவாகவும் நிற்கும் அப்படம் இவ்வகையில் ஆழமானது. மகளை வீடு சேர்த்தபின் அவனுக்கு அவ்வீட்டில் இடமில்லை. வாயிற்கதவு மூட, அவன் வெளியே நடக்கின்றான்.

காரி கூப்பர் 1952-இல் ஃபிரெட் சின்னமன் இயக்கிய ‘ஹை நூன்’ படத்தில் ஊர்க்காவல் அலுவலராக நடித்து ஆஸ்கார் பரிசு பெற்றார். பகைவர் வருகின்றனர் என அறிந்தும் ஊரார் ஒருவரும் அவனுக்குத் துணை நிற்கவில்லை. ஊரார் துணையின்றியே வென்றபின் அவன் தன் பதவிச் சின்னத்தை மண்ணில் எறிந்துவிட்டு ஊரைவிட்டு நீங்குகின்றான். காவல் என்பது காப்போனுக்கும் காக்கப்படுவோர்க்கும் இடையேயுள்ள ஓர் உடன்பாடு என்பதையும், ஊரார் அதனை முறித்தபின் காவலன் அங்கு நிற்றற்கில்லை என்பதையும் இப்படம் காட்டுகின்றது. திண்டுக்கல் வரலாற்றுக்கு வருங்கால் இக்கருத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கிளின்ட் ஈஸ்ட்வுட், லியோன் இயக்கிய மூன்று படங்களில் (1964, 1965, 1966) பெயரறியப்படாத ஒருவனாகத் தோன்றினார். அவனுக்கு ஊருமில்லை, கடமையுமில்லை, கூலியே உண்டு. அவன் வாயில் எப்போதும் சுருட்டு இருக்கும். அச்சுருட்டினைக் குறிக்கும் ‘செரூட்’ என்னும் ஆங்கிலச் சொல், தமிழ்ச் ‘சுருட்டு’ என்பதன் திரிபே என்பது அகராதியார் துணிபு. திண்டுக்கல்லோ நெடுங்காலம் புகையிலைக்கும் சுருட்டுக்கும் பெயர்போன ஊர். ஸ்பென்சர் நிறுவனம் அங்குச் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியதுண்டு. இது சிறு செய்தியே எனினும், பொருளும் சொல்லும் இருதிசையிலும் பயணம் செய்தமைக்குச் சான்றாகும்.

மீட்போன், காப்போன், கூலிக்கு வினை செய்வோன் என இம்மூவரையும் வகுத்துக்கொள்ளலாம். இம்மூவரும் திண்டுக்கல் சமவெளிக்குப் புதியவர் அல்லர் என்பது பின்னர் விளங்கும்.

3. தமிழகத்தில் கௌபாய் கதை

திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரைப்படக் கருவியை வாங்கி, ஊர் ஊராகச் சென்று படங்காட்டினார். திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1875 முதலே திண்டுக்கல் வழியாகச் சென்றது. மௌனப்பட காலத்தில் எடி போலோ முதலிய அமெரிக்கச் சாகச நடிகரின் தொடர்படங்கள் தென்னகத்தில் பெருவரவேற்புப் பெற்றன. பேசாத படமாதலின், மொழியறியாமை தடையாக இல்லை. குதிரையும் குத்துச்சண்டையும் யாவர்க்கும் விளங்குவன. கௌபாய் படம் பிற ஆங்கிலப் படங்களினும் சிற்றூர் மக்களை எளிதில் எட்டியமைக்கு இதுவே முதற்காரணம். பேசும்படம் வந்த பின்னரும் அதில் பேச்சுக் குறைவு, செயல் மிகுதி. மதுரையில் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இயங்கிய ரீகல் திரையரங்கு ஆங்கிலப் படங்களுக்கென்றே பெயர்பெற்றிருந்தது. சுற்றுவட்டாரத்தார்க்கு ஆங்கிலப் படத்தின் வாயில் அதுவாக இருந்தது.

ஹாலிவுட் கௌபாய் நடிகர் ஒருவர் தமிழ்நாட்டுப் படநிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய நிகழ்ச்சியும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்துடன் கூட்டாக 1952-இல் வெளியிட்ட ‘தி ஜங்கிள்’ படத்தில் நடித்த ராட் கேமரன், கௌபாய் படங்களால் அறியப்பட்டவர். அதனை இயக்கிய வில்லியம் பெர்க்கும் அவ்வகைப் படங்கள் பல எடுத்தவரே. அது ‘காடு’ என்னும் பெயரால் தமிழிலும் வந்தது.

1969-இல் வெளிவந்த ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ இந்தியாவில் அதன் தாய்நாட்டினும் மிகுந்த வரவேற்பைப் பெற்றது. கிரிகோரி பெக்கும் ஓமர் ஷரீப்பும் நடித்த அப்படத்தின் பொன்வேட்கையும் மலைப்பிளவும் இந்நாட்டு ரசிகர் பேச்சில் நெடுங்காலம் நின்றன. தமிழில் ஒளிப்பதிவாளராகப் புகழ்பெற்ற கர்ணன், இயக்குநராகி 1970-இல் ‘காலம் வெல்லும்’, 1972-இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, 1975-இல் ‘எங்க பாட்டன் சொத்து’ ஆகிய படங்களை எடுத்தார். இவற்றின் நாயகர் ஜெய்சங்கர். 1965-இல் ‘இரவும் பகலும்’ படத்தால் அறிமுகமாகித் துப்பறியும் படங்களால் புகழ்பெற்ற அவர், இப்படங்களால் தமிழ்க் கௌபாய் என்னும் பெயரையும் பெற்றார். இந்தி மொழியில் 1975-இல் ‘ஷோலே’ வந்து, கருநாடகத்து ராமநகரப் பாறைகளை அவ்வகை நிலமாக்குதற்கு முன்பே தமிழில் இம்முயற்சி தொடங்கிவிட்டது என்பது கருதத்தக்கது.

படக்கதை நூல்களும் இவ்வரவிற்குத் துணைநின்றன. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் தோன்றின. பொனெல்லியும் கலெப்பினியும் 1948-இல் இத்தாலியில் படைத்த டெக்ஸ் வில்லர், பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-இல் படைத்த லக்கி லூக், பிரெஞ்சு மொழியில் 1963-இல் தோன்றித் தமிழில் கேப்டன் டைகர் எனப் பெயர்பெற்ற புளூபெரி ஆகியோர் இவ்வழித் தமிழ் பேசலாயினர். இவ்விதழ்களின் வாசகர், நாயகரை ஒப்பிட்டு வாதிடும் வழக்கத்தை இன்றளவும் விடாது போற்றுகின்றனர். அமெரிக்க மண்ணைப் பற்றி இத்தாலியர் வரைந்ததனைச் சிவகாசித் தமிழில் படித்துத் திண்டுக்கல் இளைஞர் அரிசோனாவை அறிந்தனர்.

2009-இல் ‘குயிக் கன் முருகன்’ என்னும் படமும், 2010-இல் சிம்புதேவன் இயக்கிய ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ என்னும் படமும் இம்மரபை நகைச்சுவையாக மாற்றின. பின்னதில் ஊர் ஒன்றுக்கு ஜெய்சங்கர் பெயர் இடப்பட்டது. ஒரு வடிவம் எள்ளி நகையாடப்படுதற்கு முன் மக்கள் உள்ளத்தில் ஆழ வேரூன்றியிருத்தல் வேண்டும் என்பதற்கு இவை சான்று.

4. மாடில்லாத மாட்டுக்காரன்

இத்தமிழ் முயற்சிகளில் ஒரு குறைபாட்டை ஈண்டுச் சுட்டல் வேண்டும். கௌபாய் என்பதன் நேர்பொருள் மாட்டுக்காரன் என்பதே. 1970-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘மாட்டுக்கார வேலன்’ என்னும் தலைப்பே அச்சொல்லுக்கு நேரான தமிழ். ஆயின் தமிழ் மக்கள் எவரும் அதனைக் கௌபாய் படம் எனக் கருதினாரில்லை. கௌபாய் படம் எனக் கருதப்பட்டவற்றிலோ மாட்டுக்கு முதன்மையில்லை. தொப்பியும் துப்பாக்கியும் குதிரையும் வந்தன. அவற்றுக்குக் காரணமான மாடு வரவில்லை. மாடு இல்லையெனவே மேய்ச்சல் நிலத்துரிமை, நீர்த்துறையுரிமை, வேலி, காவற்கூலி ஆகிய வினாக்களும் எழவில்லை. ஹாலிவுட் படங்களுள் சிறந்தன இவ்வினாக்களை எழுப்பின; 1953-இல் வந்த ‘ஷேன்’ மாட்டுப்பண்ணையார்க்கும் குடியேறிய உழவர்க்கும் இடையே எழுந்த நிலப்பூசலையே பொருளாகக் கொண்டது. தமிழில் எஞ்சியது பழிவாங்கும் கதை மட்டுமே.

‘ஜக்கம்மா’ என்னும் தலைப்பு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஜக்கம்மா, திண்டுக்கல், கரூர் முதலிய பகுதிகளில் வாழும் இராசகம்பளத்தாரின் தெய்வம். அவர்கள் கால்நடையைப் போற்றி வாழ்ந்த மக்கள். தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சலகெருதுகளை எல்லையிலிருந்து ஓடச்செய்து முதலில் வருவதனைச் சிறப்பிக்கும் மாலை தாண்டும் விழா இன்றும் அவர்பால் நிகழ்கின்றது. மாட்டு மந்தையும் அதனைக் காக்கும் மக்களும் தெய்வமும் ஆகிய அனைத்தும் அப்பெயரில் அடங்கியிருந்தும், பெயர் மட்டுமே கௌபாய் படத்துக்குத் தலைப்பாயிற்று.

5. சமவெளியின் ஆகோள் வரலாறு

இனித் திண்டுக்கல் நிலத்தை நோக்குவாம். கிழக்கே சிறுமலையும் தென்மேற்கே பழனி மலைத்தொடரும் நிற்க, இடையே செம்மண்ணும் கரும்பாறைக் குன்றுகளும் உடைய மழைகுறைந்த வெளி இது. ஆற்றுப்பாசனம் குறைந்த இந்நிலத்தில் கால்நடையே பலர்க்குச் செல்வம். ‘மாடு’ என்னும் சொல் தமிழில் செல்வத்தையும் குறித்தல் ஈண்டு நினையத்தக்கது.

தொல்காப்பியர் வெட்சியைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்து, நிரை கவர்தலையும் அதனை மீட்டலையும் ஒருதிணையாக அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை எனத் தனித்திணையாக்கிற்று. கவர்ந்த ஆனிரையை வருத்தாது ஓட்டிவருதலும், ஊர் சேர்ந்து உண்டாடுதலும், கவர்ந்ததனைப் பிறர்க்குக் கொடையாக வழங்குதலும் தொல்காப்பியர் கூறும் துறைகளுள் அடங்கும். கவர்தல் சேர்த்துவைத்தற்கன்று, பகிர்ந்தளித்தற்கே என்பது இலக்கண நெறி. போரில் வீழ்ந்தோனுக்குக் கல் கண்டு, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையையும் அவர் நிரல்படக் கூறினார்.

இவை புலவர் கற்பனை என நெடுங்காலம் கருதினாரும் உளர். 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் வையை ஆற்றங்கரையில், இன்றைய தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டனர். திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை வட்டத்துத் தாதப்பட்டியிலும் அத்தகைய நடுகல் கிடைத்தது. புலிமான்கோம்பைக் கற்களுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. ‘ஆகோள்’ என்னும் தொல்காப்பியச் சொல்லே அக்கல்லில் உள்ளது. எனவே, நிரை கவர்தல் இந்நிலத்தின் மெய்வரலாறு என்பது ஐயமறத் தெளிவாயிற்று.

இடைக்காலத்தில் பாளையக்காரர் ஆட்சியில் காவல் ஓர் உரிமையாகவும் வருவாயாகவும் விளங்கியது. ஊரைக் காப்போர் காவற்கூலி பெறுவர். களவுபோனதனை மீட்டுத்தருவர், இல்லையேல் ஈடு கொடுப்பர். 1755-இல் ஐதர் அலி திண்டுக்கல்லில் மைசூரரசின் படைத்தலைவராக அமர்ந்தார். 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்நிலம் ஆங்கிலேயர் வசமாயிற்று. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் ஆங்கிலேயரை எதிர்த்துக் கூட்டணி அமைத்து 1801-இல் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கள் அடங்கின. சென்னை மாகாணத்துக்கு 1859-இல் காவல்துறைச் சட்டம் வந்தது. பழைய காவல்முறை சட்டத்தின் ஒப்புதலை இழந்தது. வழக்கில் மட்டும் நீடித்தது. 1882-இல் வந்த சென்னை வனச்சட்டம் மலைச்சாரல் மேய்ச்சலை வரையறுத்தது. அமெரிக்காவில் முள்கம்பி செய்ததனை ஈண்டுச் சட்டம் செய்தது எனலாம்.

இந்நிலையில் 1896-இல் திண்டுக்கல் வட்டத்தில் ஒரு கிளர்ச்சி தோன்றியது. 1906-இல் வெளிவந்த பிரான்சிஸ் என்பாரின் மதுரை மாவட்ட விவரச்சுவடி அதனை விரித்துரைக்கின்றது. கள்ளர் குலத்துக் காவல்காரர்க்குக் கூலி கொடுத்தும் மாடுகள் களவுபோகின்றன என்றும், அவற்றை மீட்கத் ‘துப்புக்கூலி’ எனத் தனியே பொருள் கொடுக்க வேண்டியுள்ளது என்றும் ஆயரும் உழவரும் குறைகூறினர். அவர்கள் தம்முள் பொதுநிதி ஒன்று திரட்டினர். அது ‘பண்டு’ எனப்பட்டது. களவுபோன மாட்டுக்கு அந்நிதியிலிருந்து ஈடு வழங்குவது, காவற்கூலி கொடுப்பதில்லை என்று உறுதிகொண்டனர். இயக்கம் அண்டை வட்டங்களுக்கும் பரவியது. விரைவில் அது வன்செயலாயிற்று, வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டன.

நான்காண்டு முன்னர், 1892-இல், அமெரிக்க நாட்டு வயோமிங் மாநிலத்து ஜான்சன் மாவட்டத்தில் பெரும் மாட்டுப்பண்ணையார், சிறுபண்ணையார் மாடு திருடுகின்றனர் என்று குற்றஞ்சாட்டி, டெக்சாஸிலிருந்து துப்பாக்கி வீரரைக் கூலிக்கு அழைத்துத் தாக்கினர். கௌபாய் புனைகதைகளுக்கும் படங்களுக்கும் அந்நிகழ்ச்சி வற்றாத ஊற்றாயிற்று. திண்டுக்கல்லில் நிகழ்ந்தது காவல்துறைக் கோப்பில் அடங்கியது.

இவ்வரலாற்றைக் கூறும் ஆவணங்கள் ஆட்சியாளர் எழுதியவை. காவல் என்னும் பழைய உடன்பாட்டைச் சட்டத்தால் முறித்தவர்களே, அதன்பின் அதனைக் களவு எனப் பெயரிட்டனர். தனியொருவன் செய்த குற்றத்தைக் குலத்தின் மேல் ஏற்றுதல் அவர் நோக்கு. 1911-இல் திருத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். சென்னை மாகாணத்தில் 1947-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

6. ஒப்புமையும் வேற்றுமையும்

இச்செய்திகளைக் கொண்டு, தமிழரும் அமெரிக்கரும் ஒரே கதையைக் கொண்டிருந்தனர் என்று கூறல் பொருந்தாது. ஒப்புமை மூன்று. மாடே செல்வமாகிய வறண்டநிலம். அரசின் சட்டம் முழுமையாக எட்டாத எல்லை. மீட்போன், காப்போன், கூலி பெறுவோன் ஆகிய மூவகை மாந்தர். இவை இருநாட்டுக்கும் பொது. திண்டுக்கல் பாறைநிலத்தில் வாழ்வோர்க்கு அரிசோனாப் பாறைநிலம் கண்ணுக்கு இயைபாகத் தோன்றுதலும் இயல்பே.

வேற்றுமை இவற்றினும் பெரிது. முதலாவது, நாயகன் முடிவு பற்றியது. கௌபாய் நாயகன் வெல்கின்றான். வென்றபின் ஊரில் தங்காது தனியனாய் நீங்குகின்றான். ஆகோள் வீரனோ மடிகின்றான். மடிந்தபின் ஊரைவிட்டு நீங்காது கல்லாய் நிற்கின்றான். முன்னவன் கதையில் ஊர் அவனை மறக்கும். பின்னவன் கதையில் ஊர் அவனுக்கு ஆண்டுதோறும் படையலிடும்.

இரண்டாவது, கவர்ந்தோன் நிலை பற்றியது. கௌபாய் கதையில் மாடு கவர்ந்தோன் தூக்கிலிடப்படுகின்றான். வெட்சியில் கவர்ந்தோனுக்கும் புகழுண்டு, மீட்டோனுக்கும் புகழுண்டு. இருவர்க்கும் கல்லுண்டு. எனினும் இதனைக் கொண்டு பழந்தமிழர் களவைப் போற்றினர் எனல் தவறு. தொல்காப்பியர் கூறும் வெட்சி, வேந்தன் ஏவலால் போர் தொடங்கும் முறை. தனியொருவன் பொருள்வேட்கை அன்று. 1896-இல் நிகழ்ந்ததனையும் வெட்சியென்று அழகுபடுத்தல் கூடாது. மாட்டை இழந்த ஆயன் துயரும், எரிந்த வீட்டைவிட்டு ஓடிய காவல்காரன் துயரும் மெய்யானவை.

மூன்றாவது, நிலத்துக்கு உரியோர் பற்றியது. கௌபாய் கதையில் நிலம் வெறுநிலம் எனக் கொள்ளப்படுகின்றது; அதற்கு உரிய பழங்குடியினர் பகைவராகவே தோன்றுகின்றனர். ஜான் ஃபோர்டு படங்களில் நவஹோ மக்கள் தம் சொந்த நிலத்திலேயே பிற குலத்தாராக நடித்துக் கூலி பெற்றனர். வெள்ளையர் வரலாற்றை ஹாலிவுட் எழுதிய முறையிலேயே நம் காவற்குடிகளின் வரலாற்றை ஆங்கிலேய அலுவலர் எழுதினர். ‘வெறிகொண்ட செவ்விந்தியன்’ என்பதும் ‘பிறவிக் குற்றவாளி’ என்பதும் ஒரே மனப்போக்கின் இருவேறு பெயர்கள். தமிழ் ரசிகர் திரைமுன் அமர்ந்து குதிரைவீரன் பக்கம் நின்றனர். வரலாறோ அவர்தம் முன்னோருட் பலரை மறுபக்கத்தில் நிறுத்தியிருந்தது. கௌபாய் படத்தைத் தமிழில் ஆராய்வோர் இதனை விடுத்து உடையையும் துப்பாக்கியையும் மட்டும் ஆராய்தல் பயனற்றது.

இப்பொருள் தமிழில் அறவே பேசப்படாமற் போகவில்லை. 2008-இல் வெளிவந்து 2011-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ என்னும் புதினம் மதுரைச் சீமையின் காவலையும் களவையும் காவற்குடிகளின் பக்கம் நின்று கூறிற்று. அதன் ஒரு பகுதியைத் தழுவி 2012-இல் வசந்தபாலன் ‘அரவான்’ என்னும் படத்தை எடுத்தார். அதில் தொப்பியுமில்லை, கைத்துப்பாக்கியுமில்லை. ஆயினும் காப்போன், கவர்வோன், ஊர் ஆகிய மூவர்க்கிடையேயுள்ள உடன்பாடும் முறிவும் அதில் உண்டு. ‘ஹை நூன்’ எழுப்பிய வினாவைத் தமிழ்நிலத்தில் எழுப்பியது ‘கங்கா’ அன்று, ‘அரவான்’ எனலாம்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. கௌபாய் கதைவடிவம் தொடக்கம் முதலே நிலம்விட்டு நிலம் பெயர்வது. ஆதலின் தமிழில் அது வந்தமை ஒன்றினாலேயே அதனைப் போலி என்று தள்ளல் ஆகாது. 1970-களின் தமிழ்ப் படங்கள் அவ்வடிவத்தின் புறத்தை ஏற்று, மாடும் நிலமும் காவலும் ஆகிய அகத்தை விடுத்தன; அவற்றின் குறை இதுவே. அகப்பொருள் திண்டுக்கல் சமவெளியில் நடுகற்காலம் முதல் 1896 வரை தொடர்ந்து இருந்தது. எனினும் அது அமெரிக்கக் கதையின் மறுபடியன்று. வீரன் முடிவிலும் கவர்ந்தோன் மதிப்பிலும் நிலத்துரிமையிலும் வேறுபட்டது.

இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் பெயர் மறந்த நடுகற்கள் பல, பட்டவன் கோயில் என்றும் பிற பெயராலும் வழிபடப்பட்டு நிற்கின்றன. காவற்கூலி, துப்புக்கூலி, பண்டு ஆகிய சொற்கள் முதியோர் நாவில் எஞ்சியுள்ளவாறும் ஆயர், உழவர், காவற்குடியினர் ஆகிய முத்திறத்தாரும் 1896-ஐ நினைவுகூரும் முறையும் தொகுக்கப்படல் வேண்டும். அலுவலர் எழுதிய சுவடி ஒன்றையே நம்பி எழுதும் வரலாறு ஒருபக்க வரலாறாகவே முடியும். முதுகலை மாணவர் இத்துறையில் களப்பணி மேற்கொள்வாராயின், தமிழ்ப் புறத்திணை ஆய்வுக்கும் திரைப்பட வரலாற்றுக்கும் ஒருங்கே பயன் விளையும்.